பேக்கார்டு பட்டை, லாரிப் பட்டை

நகரிப் பக்கம் பழைய இரும்புக் கடைகளைத் தாண்டிப் போகிறவர்கள், வில்லாக வளைந்த லாரிப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதைப் பார்த்திருப்பார்கள். வருடக்கணக்கில் பாரம் தாங்கி, ஒடிந்தோ தளர்ந்தோ போனவை. கிலோக் கணக்கில் எடை போட்டு அவற்றை வாங்கிப் போகிறவர்களில் விஜயபுரம் வட்டாரத்துக் கொல்லர்களும் உண்டு. கடையில் துருப்பிடித்துக் கிடந்த பட்டை, நாலு நாளில் யாரோ ஒருவருடைய கரும்புத் தோட்டத்தில் கொடுவாளாக வேலை செய்துகொண்டிருக்கும்.

1950களின் முற்பகுதியில் அமெரிக்காவில் பாப் லவ்லெஸ் என்ற சரக்குக் கப்பல் ஊழியர் ஒருவர் தமக்கென்று முதல் கத்தியைச் செய்துகொண்டார். அதுவும் ஒரு பழைய வண்டிப் பட்டைதான். 1937ஆம் வருடத்துப் பேக்கார்டு காரில் இருந்தது. அந்த மனிதர் பின்னாளில் உலகத்தில் கைக்கத்தி செய்கிறவர்கள் எல்லாரும் பெயர் சொல்லிப் பேசும் ஆளானார். 2010இல் அவர் இறந்தார். அவர் முத்திரை உள்ள கத்திகள் இன்றைக்கும் ஏலத்தில் பெரிய தொகைக்குப் போகின்றன.

இந்த இரண்டு பட்டறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக எண்ணம். ‘வடிவமைப்பாளர்’ என்ற சொல் லவ்லெஸுக்குத் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. நம் ஊர்க் கொல்லரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அப்பன் பாட்டன் அடித்ததை அவரும் அடிக்கிறார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த வரி தப்பு என்பது என் கட்சி. ஒரு கத்தியின் வடிவம் பற்றிய யோசனை எங்கிருந்து வருகிறது என்று இரண்டு இடத்திலும் தோண்டிப் பார்த்தால் அந்தத் தப்பு தெரியும்.

லவ்லெஸ் கதையை அவரிடமிருந்து தொடங்க முடியாது. அவருக்கு முன்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள். மிச்சிகன் மாநிலத்தில் வில்லியம் ஸ்கேகல் என்று ஒரு கத்திக்காரர் இருந்தார். 1930களில் ஃபுளோரிடாவிலிருந்து விடுமுறைக்கு அந்தப் பக்கம் போன போ ராண்டல், வாலூன் ஏரிக்கரையில் ஒருவர் கத்தியால் படகின் பழைய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். எந்தக் கத்தியை அப்படிப் போட்டுச் சுரண்டினாலும் வாய் போய்விடும். இதற்குப் போகவில்லை. ராண்டல் ஆரஞ்சுத் தோப்பு வைத்திருந்தவர், கொல்லர் பரம்பரை கிடையாது. அந்த ஸ்கேகல் கத்தியை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர், அதைப் பார்த்துப் பார்த்துத் தாமும் ஒன்று செய்தார். அவர் எடுத்த இரும்பும் கார்ப் பட்டைதான். தோல் வட்டங்களை அடுக்கிப் பிடி கட்டும் முறையைக்கூட ஸ்கேகலிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் ராண்டல் கத்திக்குச் சிப்பாய்களிடம் கிராக்கி ஏறியது. போர் முடிந்த பிறகும் குறையவில்லை. லவ்லெஸ் நியூயார்க்கில் அபெர்க்ராம்பி அண்ட் ஃபிட்ச் கடைக்குப் போய் ராண்டல் கத்தி கேட்டபோது, ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். கப்பல் ஆளுக்கு ஒன்பது மாதம் கரையில் காத்திருக்க வழி ஏது? கிடைக்காத கத்தியைத் தானே செய்துகொண்டார். பிறகு அதே கடை அவருடைய கத்திகளை வாங்கி விற்க ஆரம்பித்தது. அப்போது அவர் டெலவேரில் இருந்ததால் அந்த ஆரம்பக் கத்திகளுக்கு ‘டெலவேர் மெய்ட்’ என்று பெயர்.

ஸ்கேகல், ராண்டல், லவ்லெஸ் என்று மூன்று பேர் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இதில் பின்னால் வந்த இருவரும் வெறும் காகிதத்தின் முன் உட்கார்ந்து யோசித்தவர்கள் இல்லை. ராண்டல் கையில் முதலில் இன்னொருவர் கத்தி இருந்தது, லவ்லெஸ் மனத்தில் வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கிடைக்காமல் போன கத்தி இருந்தது. பிறகுதான் ‘இதில் இன்னும் இது வேண்டும்’ என்ற குறை வந்தது. ஆரம்ப வடிவங்கள் எல்லாம் பெரும்பாலும் பார்த்த கத்தியின் பிள்ளைகள். சொந்த முகம் மெல்லத்தான் வருகிறது.

லவ்லெஸுக்கு அந்த முகம் வந்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவர் பெயரோடு சேர்ந்து பேசப்படுவது முனை தாழ்ந்த வேட்டைக் கத்தி. கத்தியின் முதுகு நேராகப் போய், முனைக்குக் கிட்டே வந்ததும் மெல்லக் கீழே இறங்கும். மேல்நோக்கித் தூக்கிய கூர்முனை உள்ள கத்தியால் மானின் வயிற்றைக் கீறும்போது முனை குடலில் ஏறிவிடும். குடல் கிழிந்தால் இறைச்சி பாழ். முனையை முதுகுக்குக் கீழே இறக்கிவிட்டால் ஆள்காட்டி விரலை முதுகின்மேல் வைத்து, முனை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமலே கொண்டுபோகலாம். தாழ்ந்த முனை அவருக்கு முன்னும் இருந்தது. அந்த வேலைக்கு இந்த அளவு, இந்த இறக்கம் என்று பொருத்தி நிலைநிறுத்தியது அவருடைய வேலை. வேட்டைக்காரனின் விரலிலும் மானின் வயிற்றிலும் இருந்த யோசனை அது. லவ்லெஸ் அதைக் கேட்டுக்கொண்டார்.

இனி நம் பக்கம். விஜயபுரம் இன்றைக்கு ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. 2022இல் மாவட்டங்களைப் பிரித்தபோது பக்கத்துப் புத்தூர் திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. அதற்கும் முன்னால், 1960இல், திருத்தணியும் பள்ளிப்பட்டும் தமிழ்நாட்டுக்கு வந்தன. கோடுகள் இப்படி மாறி மாறி விழுந்த ஊர்களில் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழில் கேட்பார்கள், பாதிப்பேர் தெலுங்கில் கேட்பார்கள். இதில் ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. தெலுங்கில் ‘கொடவலி’ என்றால் கதிர் அறுக்கும் அரிவாள். தமிழில் ‘கொடுவாள்’ என்றால் மரம் வெட்டும் கனமான வெட்டுக்கத்தி. அதைத் தெலுங்கில் ‘மச்சுக்கத்தி’ என்பார்கள். பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு அடித்தால் கேட்டவருக்கு வேறு ஏதோ போய்ச் சேரும். அதனால்தானோ என்னவோ, இந்தப் பக்கத்துக் கொல்லர் பெயரைக் கேட்பதற்கு முன்னால் வேலையைக் கேட்கிறார். ‘இன்னா வேலைக்கு?’ என்பதுதான் முதல் கேள்வி.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் எழுபதைத் தாண்டியவர். பட்டறை என்று சொன்னால் நாலு கால் நட்டு மேலே தகரம் போட்ட இடம். நிழல் நன்றாக விழ வேண்டும் என்பதற்காக ஒரு பக்கம் கோணி கட்டியிருப்பார். வெயிலில் இரும்பின் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, நிழலில்தான் எந்தச் சிவப்பு என்று தெரியும். துருத்தி இழுக்க ஆள் கிடைக்காமல் இப்போது சின்ன மோட்டார் வைத்த ஊதி. பட்டடை மட்டும் அவர் அப்பா காலத்தது.

ஒருநாள் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது கரும்பு வெட்டும் ஆள் ஒருவர் வந்தார். ‘புதுசா ஒண்ணு அடிச்சுக் குடு தாத்தா, இது தேஞ்சுபோச்சு’ என்று கையிலிருந்த பழைய கத்தியைக் காட்டினார். பெரியவர் அதை வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வாய் ஓரமாகக் கட்டைவிரலை ஓட்டினார். பிறகு சொன்னார்: ‘இத்த வெச்சிட்டுப் போ நைனா. அளவு இதான்.’

அந்தப் பழைய கத்தி பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. அதே அளவில் புதிதாக அடித்தால் அது பாதிக் கத்தியாகத்தான் இருக்கும். ஆள் போன பிறகு கேட்டேன். தேய்ந்த இடத்தைத்தான் பார்க்கிறேன் என்றார். எல்லா இடமும் ஒரே மாதிரி தேய்வதில்லை. முனையிலிருந்து நாலு விரல் தள்ளி ஒரு குழிவு விழுந்திருந்தது. கரும்பை அந்த ஆள் எப்போதும் அந்த இடத்தில்தான் வாங்குகிறார். பிடிக்குப் பக்கத்தில் இரண்டு விரல் அகலம் அடித்த நாளில் இருந்த மாதிரியே இருந்தது, அங்கே வேலையே நடக்கவில்லை. மரப்பிடியின் ஒரு பக்கம் வழவழவென்று உள்வாங்கியிருந்தது. அவர் மணிக்கட்டைத் திருப்பி வெட்டுகிறவர். கரும்பின் அடிப்பகுதியில்தான் சர்க்கரை அதிகம், அதனால் தரையை ஒட்டி வெட்ட வேண்டும். குனிந்து மணிக்கட்டைத் திருப்பாமல் அது நடக்காது. நாளெல்லாம் அப்படித் திருப்பினால் கை என்ன ஆகும்? பெரியவர் புதுக் கத்தியில் பிடிக்குள் போகும் காம்பைக் கொஞ்சம் கீழே வளைத்துவிட்டார். எடையை அந்தக் குழிவு விழுந்த இடத்துக்கு மேலாக, முதுகுப் பக்கம் வைத்தார். வேலை நடக்காத இரண்டு விரல் அகலத்தைச் சுருக்கினார்.

வாங்க வந்த ஆள் ‘பழசு மாதிரியே அடிச்சிட்டாரு’ என்று சந்தோஷமாக எடுத்துப் போனார். மூன்று இடத்தில் மாற்றியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. கவனிக்காமல் போனதுதான் அந்த மாற்றம் சரி என்பதற்கு அடையாளம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

லவ்லெஸ் வேட்டைக்காரர்களிடம் கேட்டதை இவர் தேய்மானத்திடம் கேட்கிறார். யோசனை பிறக்கும் இடம் இரண்டு பேருக்கும் ஒன்றே: நல்லதாக ஏற்கெனவே கையில் இருக்கும் ஒரு கத்தியும், அதில் வேலையின் நடுவே தெரிகிற ஒரு குறையும். ஆனால் யோசனை வந்து சேரும் வழி வேறு. லவ்லெஸின் கத்தி கடை வழியாக முகம் தெரியாத ஒருவர் கைக்குப் போகும். எவ்வளவு தேய்ந்தாலும் அது பெரும்பாலும் அவரிடம் திரும்பி வராது. விஜயபுரத்துக் கத்தி திரும்பி வரும். சாணை பிடிக்க வரும், பிடி கழன்று வரும், பூண் உடைந்து வரும், கடைசியில் புதுக் கத்திக்கு அளவாக வரும். ஒவ்வொரு தடவையும் எதையாவது சொல்லிவிட்டுப் போகும்.

செய்முறையிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. யோசனையின் பிறப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுவார்கள், எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி. லவ்லெஸ் முதல் கத்திக்குப் பிறகு காய்ச்சி அடிக்கும் வழியிலேயே நிற்கவில்லை. தகட்டில் வடிவத்தை வரைந்து, அறுத்து, மிச்சத்தைத் தேய்த்து எடுக்கும் முறைக்கு வந்தார். 1970களில் ஜெட் இயந்திரப் பாகங்களுக்காக உருவான ஓர் எஃகைக் கத்திக்குக் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். பிடிக்குள் போகும் காம்பை வால்பக்கம் மெலிந்துகொண்டே போகும்படி தேய்த்து, கையில் பாரம் சமமாக நிற்கச் செய்தார். இந்த முறையில் யோசனை முதலில் கோடாக இருக்க வேண்டும். கோடு சரியாக இருந்தால் கத்தி சரியாக வரும். தேய்க்கும் சக்கரம் தன்பாட்டுக்கு எதையும் சேர்க்காது.

காய்ச்சி அடிக்கும் பட்டறையில் இரும்புக்கும் ஒரு பங்கு உண்டு. ஒரு பட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் வாயாக மெலியும்படி அடித்துக்கொண்டே போனால் அந்தப் பக்கம் நீளும். முதுகு நீளாது. அதனால் கத்தி தானாக முதுகுப் பக்கம் வளையும். நேரான கத்தி வேண்டுமென்றால் வாய் அடிக்கத் தொடங்கும் முன்பே எதிர்ப்பக்கமாக வளைத்து வைத்துக்கொள்ள வேண்டும். அடிக்க அடிக்க அது நிமிர்ந்து நேராகும். அரிவாளுக்கோ வளைவு வாய்ப் பக்கம் வேண்டும், ஆகவே இரும்பு போக விரும்பும் திசைக்கு நேர் எதிராக, தேவைக்கு மேல் வளைத்துத் தொடங்க வேண்டும். எவ்வளவு மேல்? அதை எந்தக் கோடும் சொல்லாது. அன்றைக்கு எடுத்த பட்டையின் கனமும், எத்தனை தடவை உலையில் வைத்தோம் என்பதும்தான் சொல்லும். லாரிப் பட்டையில் கரி 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். இறுகவும் தெரியும், வளைந்து கொடுக்கவும் தெரியும். தவிர, அது ஏற்கெனவே ஒரு வில்லாக வளைந்துதான் பட்டறைக்கு வருகிறது. பெரியவர் அந்த வளைவை எந்தப் பக்கம் வைத்துத் தொடங்குவது என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அந்த ஒரு நிமிடத்தில் கத்தியின் பாதி வடிவம் முடிவாகிவிடுகிறது.

கல்லை வைத்துப் பார்த்தால், பொருளைத் திருப்பிப் பார்த்து வடிவத்தை முடிவு செய்யும் இந்தப் பழக்கத்துக்கு நம் வட்டாரத்தில் எவ்வளவு வயது என்பது தெரியும். நகரி மலையின் பாறை குவார்ட்சைட். அங்கிருந்து கிழக்கே, கொசஸ்தலை ஆற்றுப் படுகையில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் வில்லியம் கிங்கும் குவார்ட்சைட்டில் செய்த கைக்கோடரிகளைக் கண்டெடுத்தார்கள். பின்னாளில் சாந்தி பப்புவின் குழு அங்கே அகழ்ந்து ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவின்படி அந்த இடத்தின் மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வருட வயது. ஒரு பக்கம் கூம்பி, மறு பக்கம் உள்ளங்கைக்கு உருண்டு, இரு முகமும் செதுக்கிய அந்த வடிவத்தை வரைந்து கொடுத்தவர் யாரும் இல்லை. கல் எந்தப் பக்கம் உடையும் என்பதும் கை எந்தப் பக்கம் பிடிக்கும் என்பதும் சேர்ந்த இடத்தில் அது பிறந்தது. பெரியவர் பட்டையைத் திருப்பிப் பார்க்கும் அந்த நிமிடத்தை இந்தக் கல் செதுக்கியவரும் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

பெயர் விஷயத்தில்தான் இரண்டு பட்டறையும் ஒன்றை விட்டு ஒன்று வெகுதூரம் போய்விடுகின்றன. ஸ்கேகல், ராண்டல், லவ்லெஸ் மூவரும் கத்தியில் தங்கள் பெயரைப் பொறித்தார்கள். அதனால்தான் எந்த யோசனை யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று இன்றைக்கு என்னால் இவ்வளவு எளிதாக எழுத முடிகிறது. நம்மிடம் பெயர் ஊருக்குப் போகும். சிவகங்கைச் சீமையின் திருப்பாச்சி அரிவாளை எல்லாருக்கும் தெரியும், 2005இல் அந்த ஊரின் பெயரிலேயே சினிமாகூட வந்தது. அங்கே அந்த வளைவை முதலில் பிடித்தவர் பெயரை யாரால் சொல்ல முடியும்? விஜயபுரத்துக்கு அந்த ஊர்ப்பெயர்கூட இல்லை. இங்கே கத்தி வாங்கினவர் பெயரால் நிற்கிறது. ‘முனுசாமி கத்தி மாதிரி ஒண்ணு’ என்று கேட்டு வருகிறார்கள். முனுசாமி வெட்டுகிறவர், செய்தவர் அல்ல.

லவ்லெஸ் செய்த ஒரு காரியத்துக்காக அவர்மேல் எனக்குத் தனி மரியாதை. தம் முறையை மூடி வைக்கவில்லை. 1977இல் ரிச்சர்ட் பார்னியோடு சேர்ந்து கத்தி செய்வது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதினார். பட்டறைக்கு வந்தவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். 1970இல் அமெரிக்கக் கத்திக்காரர்கள் சங்கம் ஒன்று அமைத்தபோது முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். அதனால் அந்தத் தாழ்ந்த முனை இன்றைக்கு ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் செய்யப்படுகிறது, அவர் பெயரையும் சொல்லிக்கொண்டே செய்யப்படுகிறது. பெயரைப் பொறித்தவர்தான் யோசனையை வாரிக் கொடுத்தார் என்பதை நம் பக்கத்தில் நிற்கிற நானும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நம் பெரியவரும் ஒளித்தவர் இல்லை. கேட்டால் சொல்வார். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. அவருடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். நெல் அறுக்க இயந்திரம் வந்துவிட்டதால் கதிர் அரிவாள் கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். தேய்ந்த கத்தியைப் படிக்கத் தெரிந்த அந்தக் கட்டைவிரலில் இருப்பது எந்த ஏட்டிலும் ஏறவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கே அதுதான் காரணம். பாலிடெக்னிக்கில் வடிவமைப்புப் படிக்கும் பிள்ளைகள் ஒரு வாரம் இப்படி ஒரு பட்டறையில் உட்கார்ந்து, திரும்பி வரும் கத்திகளை ஒவ்வொன்றாக அளந்து, எங்கே தேய்ந்திருக்கிறது என்று குறித்து வைத்தால்கூடப் போதும். அவ்வளவும் வடிவமைப்புப் பாடம்தான்.

கடைசியாக ஒன்று. கதிர் அரிவாளின் வாயில் வெட்டும் கருக்கை, அதாவது பற்களை, ஒரு முகத்தில் மட்டும்தான் வெட்டுவார்கள். வலது கையில் பிடித்து இழுக்கும்போது கதிரைக் கடித்துக்கொள்ளும் வகையில் அது அமைந்திருக்கும். இடது கைக்காரர் பிடித்தால் முகம் மாறிவிடும், அரிவாள் கடிக்காமல் வழுக்கும். ஒரு பெண் பல வருடமாக அப்படி வழுக்கும் அரிவாளோடுதான் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ‘கைவாட்டம் சரியில்லாதவ’ என்று அவளுக்குப் பெயர். ஒருநாள் வாய் தீட்ட அரிவாளைக் கொண்டுவந்தாள். பெரியவர் வழக்கம்போல் தேய்மானத்தைப் பார்த்தார். தேய வேண்டிய இடத்தில் தேயாமல், தேயக்கூடாத இடத்தில் தேய்ந்திருந்தது.

‘நீ எந்தக் கையில அறுக்கற?’ என்றார்.

அவள் தயங்கி இடது கையைக் காட்டினாள். திட்டுவார் என்று நினைத்திருக்கிறாள். பெரியவர் உளியை எடுத்தார். புதிதாக ஓர் அரிவாளை உலையில் வைத்து வாயை மெலித்து, அதன் மறு முகத்தில் கருக்கு வெட்டிக் கொடுத்தார். அந்த அறுவடை முடிவதற்குள் இன்னும் மூன்று பெண்கள் ஆளுக்கொரு அரிவாளை முந்தானையில் சுற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்து, இடது கையை நீட்டிக் காட்டினார்கள்.